அம்மாவின் 24 கட்டங்கள்

முதுமையில் வரும் மனச்சோர்வுதான் அது என்று அறியாமல், ஓயாத அசதிக்காக அம்மாவை அழைத்துப்போனபோது, இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடு மருத்துவர் எங்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார். ஒரு நோட்டு வாங்கி, நாளுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் 24 கட்டங்கள் வரைய வேண்டும். ஒரு கட்டம் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அம்மா படுத்திருந்தால் 'ப', உட்கார்ந்திருந்தால் 'உ', நடமாடிக்கொண்டிருந்தால் 'ந' என்று குறிக்க வேண்டும். படுத்திருந்தபோது உண்மையாகவே உறங்கினார் என்று தெரிந்தால் மட்டும் 'ப'வைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசுவோம் என்றார். அது 2023 ஜூன் மாதம். நான் அலுவலகம் போய்விடுகிற பகல் பொழுதுகளை, கல்லூரி விடுமுறையில் வீட்டிலிருந்த என் மகன் குறித்துக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கங்களை வரிசையாகப் புரட்டியபோதுதான், ஒரே வீட்டில் ஏழு மாதங்களாக என்னோடு இருந்த அம்மாவின் நாள் எப்படிக் கழிகிறது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்று உணர்ந்தேன். சராசரியாக ஒரு நாளில் 16 கட்டங்களில் 'ப' இருந்தது. வட்டமிட்டவை அவற்றில் ஏழுகூட இல்லை. அந்த ஏழும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கவில்லை. இரவு பத்தரைக்குப் படுத்து இரண்டரை மணிக்கு விழித்துவிடுகிறார். விடியும் நேரத்தில் ஒரு மணி நேரம் கண் அயர்கிறார். பிறகு காலை பத்து மணிக்கு ஒரு துண்டு, பிற்பகலில் ஒரு துண்டு, ஆறு மணிக்கு விளக்கேற்றும் நேரத்தில் இன்னொரு துண்டு. படுக்கையை விட்டு எழுந்த நேரம் ஒரு நாள் 6.10, மறுநாள் 9.40, அதற்கடுத்த நாள் 7.30. 'ந' என்ற எழுத்து சில பக்கங்களில் இரண்டே இடத்தில்தான் இருந்தது: குளிக்கப் போனது, சாப்பிட வந்தது.

மருத்துவர் அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "மாயவரத்தில் இருந்தபோது காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?" என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. "அஞ்சு மணி. அஞ்சேகாலுக்கு வாசல் தெளிச்சாகணும்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் தயங்காமல் சொன்ன பதில் அது.

மயிலாடுதுறை வீட்டில் அம்மாவின் நாளுக்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை. வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்கும்போது பால்காரர் வருவார். பால் காய்ச்சும்போது கோயிலின் உஷக்கால மணி கேட்கும். ஏழு மணிக்கு அப்பாவுக்கு இன்சுலின் ஊசி, அரை மணி கழித்துப் பலகாரம், பதினோரு மணிக்கு மோர், ஒரு மணிக்குச் சாப்பாடு, மாலை ஏழுக்கு மறுபடியும் ஊசி. ஊசியைக் கடைசி ஒன்பது ஆண்டுகள் அம்மாதான் போட்டார். அப்பாவின் சர்க்கரை இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த வீட்டில் எல்லாமே நேரத்துக்கு நடந்தது. அவர் பொருட்டு அம்மா எழுந்தார், நடந்தார், சமைத்தார், அவர் உறங்கிய பிறகு உறங்கினார். 2022 புரட்டாசியில் அப்பா காலமானார். கார்த்திகையில் அம்மாவை நங்கநல்லூருக்கு அழைத்து வந்துவிட்டோம்.

இங்கே மூன்றாவது மாடி. அவருக்கு ஒதுக்கியது மேற்குப் பார்த்த அறை. வாசல் தெளிக்க இடமில்லை. பால் பாக்கெட் விடிவதற்குள் கதவுப் பிடியில் தொங்கும் பையில் விழுந்துவிடும். சமையலறையில் அவர் நுழைந்தால், "நீ உழைச்சது போதும்மா, போய்ப் படு" என்று நானே தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்பினால்தான் செய்தேன். ஆனால், அன்பினால் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வேலையை மட்டும் இல்லை. எப்போது எழுவது, எப்போது உட்காருவது, எப்போது களைத்துப்போவது என்று அவர் உடம்புக்குச் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை அடையாளங்களையும் ஒரே மாதத்தில் எடுத்துவிட்டேன். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது. இதே தவற்றை இப்போது எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் செய்துகொண்டிருப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

அம்மா ஒருநாளும் 'மனசு சரியில்லை' என்று சொன்னதில்லை. அசதியாக இருக்கிறது, வயிறு மந்தமாக இருக்கிறது, கால் மரத்துப்போகிறது, வாய் கசக்கிறது என்பார். அழவும் இல்லை. அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் ம் கொட்டிவிட்டுச் சும்மா இருப்பார். தைராய்டு பார்த்தோம், பி12 பார்த்தோம், வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தோம். வயது 71 ஆகிவிட்டது, இப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். முதுமையில் வரும் மனச்சோர்வு பெரும்பாலும் துக்கத்தின் முகத்தோடு வருவதில்லை. உடம்பின் முகத்தோடு வருகிறது. எதிலும் நாட்டம் இல்லாமை, மந்தம், பசியின்மை, துண்டுபட்ட உறக்கம் என்று வருவதால், அதை வயதின் கணக்கிலோ சர்க்கரையின் கணக்கிலோ எழுதிவிடுகிறோம்.

முதியோரின் மனச்சோர்வை அளப்பதற்கென்றே 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு கேள்வித்தாள் உருவாக்கப்பட்டது. முதலில் அதில் 30 கேள்விகள் இருந்தன. பிறகு 15 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் வந்தது. உலகெங்கும் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அம்மாவிடமும் அதைத்தான் கேட்டார்கள். அந்தப் பதினைந்தில் உறக்கத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை என்பது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. உறக்கம் குறைவதும் பசி மாறுவதும் நோயில்லாத முதியவர்களிடமும் காணப்படும் என்பதால் வேண்டுமென்றே அவற்றை விட்டுவிட்டார்கள். ஆனால், முன்பு செய்துவந்த பல செயல்களையும் ஈடுபாடுகளையும் கைவிட்டுவிட்டீர்களா என்ற கேள்வி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு அம்மா 'ஆமாம்' என்றார். உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார். குறைகூறும் பார்வை இல்லை அது. இருந்தாலும் அதை என்னால் மறக்க முடியவில்லை.

நாங்கள் நோட்டில் கையால் செய்ததை ஆய்வாளர்கள் கருவியால் செய்கிறார்கள். கைக்கடிகாரம் போன்ற சிறிய அசைவுமானி ஒன்றை மணிக்கட்டில் கட்டிவிட்டால், கை அசையும் ஒவ்வொரு நிமிடத்தையும் அது இரவு பகலாகப் பதிவுசெய்யும். ஆக்டிகிராஃபி என்று பெயர். ஒரு வாரம், இரண்டு வாரம் கட்டியிருந்தால், ஒரு மனிதரின் ஓய்வும் இயக்கமும் அலைபோல வரைபடத்தில் எழுந்து தாழ்வதைப் பார்க்கலாம். அந்த அலையைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளில் மூன்று எனக்கு நன்றாக விளங்கின. முதலாவது, இன்றைய நாள் நேற்றைய நாளைப் போல இருக்கிறதா? எழுவதும் படுப்பதும் உண்பதும் ஏறத்தாழ அதே நேரத்தில் நடந்தால் ஒரு நாளின் அலைமேல் மறுநாளின் அலை பொருந்தி உட்காரும். இரண்டாவது, ஒரே நாளுக்குள் ஓய்வும் இயக்கமும் எத்தனை துண்டுகளாக உடைகின்றன? பகலில் அடிக்கடி சாய்வதும் இரவில் அடிக்கடி எழுவதும் இந்த எண்ணை உயர்த்தும். மூன்றாவது, அலையின் உயரம் எவ்வளவு? ஒரு நாளில் மிக அதிகமாக இயங்கிய 10 மணி நேரத்தையும் மிகக் குறைவாக இயங்கிய 5 மணி நேரத்தையும் எடுத்து ஒப்பிடுகிறார்கள். நன்றாக உழைத்து நன்றாக உறங்குபவருக்கு மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் இருக்கும். அம்மாவின் நோட்டில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பகல் முழுவதும் அரை உறக்கம், இரவு முழுவதும் அரை விழிப்பு. காய்ந்த ஏரியின் தரை மாதிரி ஒரே மட்டமாகக் கிடந்தது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ஸ்மகுலா என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்துவருகிறார். 65 வயதைக் கடந்த 1,800 பேர் மணிக்கட்டில் கருவியைக் கட்டியிருந்த பதிவுகளை அவரும் உடனிருந்தோரும் அலசி 2022இல் வெளியிட்டார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் காலை ஏழு மணிக்கு முன்பே எழுந்து, நாளுக்கு ஏறத்தாழ 15 மணி நேரம் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டு, அதையே ஒவ்வொரு நாளும் தவறாமல் பின்பற்றுபவர்களாக இருந்தார்கள். மனச்சோர்வின் அறிகுறிகள் இவர்களிடம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. நினைவாற்றல், சிந்தனைத் திறன் தேர்வுகளிலும் இவர்கள் மேலாக இருந்தார்கள். நாளின் ஒழுங்கு குலைந்தவர்களிடம் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. இது ஒரே காலகட்டத்தில் எடுத்த பதிவு. ஆகவே ஒழுங்கு குலைந்ததால் சோர்வு வந்ததா, சோர்வு வந்ததால் ஒழுங்கு குலைந்ததா என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அம்மாவை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன என்பதுதான். நேரம் உதிர்ந்தது, அதனால் மனம் தளர்ந்தது; மனம் தளர்ந்ததும் மிச்சமிருந்த நேரமும் உதிர்ந்தது.

உடம்பில் ஒரு கடிகாரம் இருப்பதாகச் சொல்வது வெறும் உவமை இல்லை. மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறிய திரள் இருக்கிறது. உடல் வெப்பம், பசி, உறக்கம், ஹார்மோன் சுரப்பு எல்லாவற்றுக்கும் அது நேரம் சொல்கிறது. அதை நாள்தோறும் திருத்தி வைப்பது ஒளி. பார்ப்பதற்கான அணுக்களைத் தவிர, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று இந்தக் கடிகாரத்துக்கு அறிவிப்பதற்கென்றே விழித்திரையில் தனி அணுக்கள் இருப்பது இருபது ஆண்டுகளுக்குச் சற்று முன்புதான் உறுதியானது. அவை நீல ஒளிக்கு நன்றாக இசைகின்றன. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளடைந்து, அந்த நீல ஒளியைத்தான் பெருமளவு தடுக்கிறது. அதாவது, முதியவர்களுக்குத்தான் வெளிச்சம் அதிகம் வேண்டும். அவர்களைத்தான் நாம் திரைச்சீலை இழுத்த அறையில் படுக்க வைக்கிறோம். வீட்டுக்குள் விளக்கு போட்ட அறையின் வெளிச்சம் பொதுவாகச் சில நூறு லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டுவதில்லை. மேகம் மூடிய காலையில்கூட வெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும்.

நெதர்லாந்தில் 60 வயதைக் கடந்த, மனச்சோர்வு கொண்ட 89 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் காலையில் ஒரு மணி நேரம் வெளிர்நீல நிறப் பிரகாசமான விளக்கின் முன்னால் அமர்ந்தார்கள். மற்றவர்களுக்கு மங்கலான சிவப்பு விளக்கு. மூன்று வாரத்தில் முதல் பிரிவினரின் மனநிலை மற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டது. விளக்கை நிறுத்திய பிறகும் அந்த மேம்பாடு தொடர்ந்தது. குளிர்காலத்தில் சூரியன் அரிதாகவே தலைகாட்டும் நாட்டில் அந்த விளக்கு வேண்டியிருக்கிறது. நமக்கு மொட்டை மாடி போதும். அம்மாவின் மாயவரத்து வாசலில் அது இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. கோலம் என்று நாம் நினைத்தது, அவர் உடல் கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுத்த அரை மணி நேரமாகவும் இருந்திருக்கிறது.

ஒளி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதுதான் இரவில் கண்ணை இழுக்கும் பாரம். பகலில் படுத்துப் படுத்து அந்தப் பாரத்தைச் சில்லறையாகச் செலவழித்துவிட்டால் இரவுக்குக் கையிருப்பு இருக்காது. அம்மா இரண்டரை மணிக்கு விழித்துக்கொண்டதற்கு மனச்சோர்வும் காரணம்; மாலை ஆறு மணிக்குப் போட்ட அந்தத் துண்டு உறக்கமும் காரணம்.

மருத்துவர் சொன்னவற்றிலேயே என்னை அதிகம் தொட்டது மூன்றாவது விஷயம். வெளிச்சத்தைப் போலவே மனிதர்களும் நமக்கு நேரம் சொல்கிறார்கள். பால்காரர், பேப்பர் போடும் பையன், பூக்காரம்மா, பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரன் ஆகிய எல்லோருமே கடிகாரத்தின் முட்கள். ஏலர்ஸ், ஃபிராங்க், குப்ஃபர் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1988இல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்கள்: துணையின் இழப்பு, பணி ஓய்வு, இடமாற்றம் போன்றவை முதலில் குலைப்பது அன்றாடத்தின் தாளத்தை, அந்தக் குலைவின் வழியே உடலின் தாளம் குலைகிறது, மனச்சோர்வுக்கு ஆட்படக் கூடியவர்களை அது அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பிட்ஸ்பர்க்கில், அன்றாடத் தாளத்தை அளக்க 17 நிகழ்வுகள் கொண்ட ஒரு பட்டியலையும் உருவாக்கினார்கள். படுக்கையை விட்டு எழுந்த நேரம், முதன்முதலில் ஒருவரோடு பேசிய நேரம், காலை உணவு, வெளியே போன நேரம் என்று போகும் அந்தப் பட்டியலில், அந்த வேளையில் உடன் யாராவது இருந்தார்களா என்றும் குறிக்க வேண்டும். அப்பாவின் மறைவை நாங்கள் துக்கமாக மட்டும் பார்த்தோம். அது அம்மாவுக்கு ஒரு கடிகாரம் நின்றுபோனதும்கூட என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். எங்கள் நோட்டிலும் மருத்துவர் ஒரு பத்தி சேர்த்தார்: யாரோடு?

சிகிச்சையில் மாத்திரையும் இருந்தது. அதை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. முதியவர்களுக்குச் சில மனச்சோர்வு மருந்துகளால் இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும் என்பதால் சில வாரங்களில் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நினைவாற்றலையும் சோதித்தார்கள், ஏனென்றால் ஓய்வும் இயக்கமும் சிதறுவது மறதி நோயிலும் உண்டு. ஆனால், மாத்திரை பாதிதான், மீதி உங்கள் வீட்டில் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். அம்மா எழுந்திருக்கும் நேரத்தை மட்டும் முதலில் நிலைநிறுத்துங்கள், படுக்கும் நேரத்தைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலை ஆறு மணிக்கு எழ வேண்டும். எழுவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் பொய்யாக இருக்கக் கூடாது என்றார்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் கடினமானது. பொழுதுபோக்குக்கு வேலை கொடுத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். பலநாள் யோசித்த பிறகு வீட்டுக்கு வரும் பாலை நிறுத்தினோம். தெருமுனை ஆவின் பூத்தில் அம்மா போய் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தால்தான் வீட்டில் காப்பி. கீழே இறங்கிப் போய்வர இருபது நிமிடம். முதல் நாள் அவர் எழவில்லை. நானும் கணவரும் கடுங்காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போனோம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், பரீட்சைக்குக் கண்விழித்துப் படித்திருந்த என் மகன் பால் இல்லாத காப்பியை முகம் சுளித்துக் குடிப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் புடவையைச் சரிசெய்துகொண்டு பையை எடுத்தார். அன்றைய பக்கத்தில் 6.50 என்ற நேரத்துக்கு எதிரே ஒரு 'ந' இருக்கிறது. அதன்மேல் நான் பேனாவை இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன்.

மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் காலைதான் மிகக் கொடிய வேளை. பொழுது ஏற ஏறக் கொஞ்சம் தெளியும். அந்தக் கொடிய வேளையில் அவரை எழுப்புகிறோமே என்று எனக்குக் குற்றவுணர்வாக இருந்தது. நன்றாக இருக்கும்போது செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா என்று கேட்டேன். விருப்பம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் இந்த நோயில் விருப்பம் வராது. செயலை முன்னால் அனுப்ப வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். இதற்கு அடிப்படை 1970களில் பீட்டர் லூயின்சான் என்ற உளவியலாளர் செய்த ஆய்வுகளில் இருக்கிறது. 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர், சிந்தனையைத் திருத்தும் முழுச் சிகிச்சையையும், அதில் செயல்களை மீட்கும் பகுதியை மட்டும் தனியாகவும் கொடுத்துப் பார்த்தபோது, செயல் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடாகப் பயன் தந்தது. அது எல்லோருக்கும் போதும் என்று சொல்லிவிட முடியாது. படுக்கையில் கிடப்பவரிடம் 'மனசைத் திடப்படுத்திக்கோ' என்று சொல்வதைவிட 'பால் இல்லை' என்று சொல்வது பயனுள்ளது என்று எங்கள் வீடு தெரிந்துகொண்டது.

சில சிறிய திருத்தங்களும் செய்தோம். இரத்த அழுத்தத்துக்கு அம்மா இரவில் சாப்பிட்டுவந்த மாத்திரை சிறுநீரைப் பெருக்கும் வகை. மருத்துவரைக் கேட்டுக் காலைக்கு மாற்றியதும் இரவில் எழுவது மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. பகல் உறக்கம் மூன்று மணிக்கு முன்னால், அரை மணி நேரம், கூடத்து நாற்காலியில் மட்டும். தெரிந்தவர் ஒருவர், தான் போட்டுக்கொள்ளும் தூக்க மாத்திரையைத் தரட்டுமா என்று கேட்டார், அன்போடு மறுத்துவிட்டேன். அந்த வகை மாத்திரைகள் முதியவர்களை இரவில் தடுமாறி விழச்செய்யும், இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பின் எழுவதே பாடு. தொலைக்காட்சித் தொடரைப் பற்றி மட்டும் நான் நினைத்தது தவறாகிவிட்டது. அதை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், ஏழரை மணிக்குத் தவறாமல் வந்து உட்காருகிறாரே, அந்த நாளில் மிச்சமிருக்கும் ஒரே நிலையான வேளை அதுதான், அதைப் பிடுங்கிவிடாதீர்கள் என்றார் மருத்துவர். அதன்பிறகு நானும் அந்த நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். யார் யாருக்கு என்ன உறவு என்று அம்மா சொல்லித் தருவார்.

முன்னேற்றம் நேர்கோட்டில் வரவில்லை. ஆறு வாரத்தில் 'ப' 16இலிருந்து 11 ஆனது. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு நான்கு நாள் படுத்தார். காய்ச்சல் நான்கு நாளில் விட்டது, ஆனால் படுக்கை மூன்று வாரம் விடவில்லை. அந்த மூன்று வாரப் பக்கங்கள் ஜூன் மாதத்துப் பக்கங்களைப் போலவே இருக்கின்றன. "என்னால முடியலடி, என்னை விட்டுடு" என்று ஒரு காலையில் சொன்னார். எதை விடச் சொல்கிறார் என்று எனக்குப் பயமாகிவிட்டது. அன்றே மருத்துவரிடம் போனோம். உயிரை விட்டுவிடும் எண்ணம் வருகிறதா என்று அவர் நேராகவே கேட்டார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று எனக்கும் தனியாகச் சொன்னார். அம்மா இல்லையென்று தலையாட்டினார். மாத்திரையின் அளவு கூடியது. பால் பூத்துக்கு அம்மாவோடு சில வாரம் நானும் நடந்தேன். இப்படியொரு பேச்சு உங்கள் வீட்டில் எழுந்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதியோருக்கான பிற உதவிகளுக்கு 14567 இருக்கிறது.

மருத்துவர் கிடைக்காத ஊர்களில் என்ன செய்வது என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். கோவாவில் அமித் டயஸ், விக்ரம் பட்டேல் முதலியோர் செய்த ஆய்வு ஒன்று இதற்கு நம்பிக்கை தருகிறது. முழு நோயாக மாறாத லேசான அறிகுறிகள் கொண்ட, 60 வயதைக் கடந்த 181 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பாதியினருக்கு, பயிற்சி பெற்ற சாதாரண ஊர்க்காரர்களே ஆலோசகர்களாகப் போய், சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் வழி, உறக்க நேரத்தை ஒழுங்குபடுத்தும் முறை, சர்க்கரை போன்ற நோய்களைப் பேணுவது, அரசு உதவிகளைப் பெறுவது ஆகியவற்றில் துணைநின்றார்கள். ஓராண்டில் அவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கே மனச்சோர்வு நோய் வந்தது. மற்றப் பாதியில் அது 14.4 விழுக்காடு. 2019இல் வெளிவந்த முடிவு இது. நம்முடைய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், நேற்று யாரோடு பேசினீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் சேர்த்துக் கேட்டால் எத்தனையோ வீடுகளில் நோய் முற்றுவதற்குள் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நோட்டு நான்காவதாக ஓடுகிறது. சென்ற ஆண்டு பொங்கலிலிருந்து அம்மாவே எழுதுகிறார். எழுத்துகளை அவர் மாற்றிவிட்டார்: 'ந' என்று போடாமல் 'பூத்', 'மாடி', 'கீரை ஆய்ந்தேன்' என்று எழுதிவைக்கிறார். 'யாரோடு' பத்தியில் இரண்டாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பெயர் அடிக்கடி வருகிறது. இருவரும் சேர்ந்துதான் பால் வாங்கப் போகிறார்கள். எழும் நேரம் பெரும்பாலும் 5.40க்கும் 6.10க்கும் நடுவில் நிற்கிறது. அறையையும் மாற்றினோம், கிழக்குப் பார்த்த அறை அவருக்கு, மேற்கு எங்களுக்கு.

பிற்பகல் இரண்டிலிருந்து நான்கரை வரைதான் இன்னும் வசப்படவில்லை. நாங்கள் எல்லோரும் வெளியே இருக்கும் நேரம். தெருவும் வெயிலில் அடங்கிக் கிடக்கும் நேரம். அந்தக் கட்டங்களில் அம்மா ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் இழுத்துவிடுகிறார். சென்ற வாரம் அதைப் பற்றிக் கேட்டேன். "அந்த நேரத்துலதான் உங்கப்பாவுக்கு நான் பேப்பர் படிச்சுக் காட்டுவேன், அவருக்குக் கண்ணு தெரியாமப் போனப்புறம்" என்றார். இத்தனை மாதத்தில் எனக்கு அது தெரியாது. ஆசிரியை அம்மாவுக்கும் கண்புரை முற்றியிருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. அதுவரை மூன்று மணிக்கு நான் வந்து படித்துக் காட்டட்டுமா என்று அம்மாவே அவரிடம் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து போவதாகச் சொல்லியிருக்கிறார்.